பயந்த நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசை ஆசையாக ஒரு நாயைத் தத்தெடுத்துக் கொண்டுவந்து, அது மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்துத் தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன். பயந்த நாய்களைச் சில காலம் வீட்டில் வைத்திருந்து, தேறியபின் நல்ல குடும்பங்களுக்கு அனுப்பும் வேலையில் வெகுநாளாக இருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. பதில்கள் வேறு வேறாக இருந்தாலும் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வேண்டாம் என்றால் விலகிப் போகலாம் என்று தெரிந்த நாய்தான் கிட்டே வரத் துணியும்.

வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. வெளியே கொண்டுவர வேண்டாமா?

வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். அதற்கு இந்த வீட்டின் வாசனை புதிது, சத்தம் புதிது, நீங்களும் புதிது. இத்தனைக்கும் நடுவில் அதுவே தேடிக் கண்டுபிடித்த ஒரே பாதுகாப்பான இடம் அந்தக் கட்டிலடி. கையை விட்டு இழுத்தால் அந்த இடமும் போய்விடும். இழுத்த கையும் அதன் நினைவில் நிற்கும்.

தண்ணீரையும் சாப்பாட்டையும் அதற்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பல நாய்கள் சாப்பிடாது. முதல் சில நாட்களுக்குக் குளிப்பாட்டல், அக்கம்பக்கத்தாருக்கு அறிமுகம், போட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம். அதே அறையில் தரையில் உட்கார்ந்து, அதற்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி, ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது, உங்கள் குரல் பழகும். அது எட்டிப் பார்த்தால் உடனே திரும்பிக் கொஞ்ச வேண்டாம். அது பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தைப் புரட்டுங்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு நாளுக்கு மேல் எதையும் தொடாவிட்டாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காவிட்டாலோ மருத்துவரை அழையுங்கள். நிறையத் தூங்குகிறதே என்றும் கவலைப்படாதீர்கள். நன்றாக இருக்கும் நாயே ஒரு நாளில் ஏறக்குறைய 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். காப்பகத்து இரைச்சலில் நிம்மதியாகத் தூங்காமலே வந்த நாய்க்கு அந்தக் கடனும் சேர்ந்திருக்கும்.

யாரோ அடித்துக் கொடுமைப்படுத்தியிருப்பார்கள் போலிருக்கிறது. அதனால்தான் இந்தப் பயமா?

இருக்கலாம். ஆனால் பல நாய்களை யாரும் அடித்திருக்கவே மாட்டார்கள். உலகத்தைப் பார்க்க வேண்டிய வயதில் பார்க்காததுதான் அவற்றின் பிரச்சினை.

நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12 முதல் 14 வாரம் வரை ஒரு முக்கியமான பருவம். அப்போது பார்க்கிற மனிதர்கள், கேட்கிற சத்தங்கள், மிதிக்கிற தரை எல்லாம் 'இதெல்லாம் சாதாரணம்' என்று மனதில் பதிந்துவிடும். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்து ஆராய்ந்த இடத்தில், 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் அதற்குப் பிறகு மனிதர்களிடம் எளிதில் ஒட்டவில்லை என்பதை 1961-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். யாரும் அந்தக் குட்டிகளை அடிக்கவில்லை. மனிதர்களைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பரம்பரைக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பாயிண்டர் இன நாய்களில் மனிதரைக் கண்டால் உறைந்துபோகும் வம்சம் ஒன்றும் இயல்பான வம்சம் ஒன்றுமாக ஆராய்ச்சிக்காகத் தனித்தனியே வளர்த்தபோது, அந்தப் பயம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'பாவம், யாரோ அடித்திருக்கிறார்கள்' என்று நினைத்துவிட்டால், அன்பு காட்டினாலே போதும், சரியாகிவிடும் என்று தோன்றும். இரண்டு மாதம் கழித்தும் அது ஒதுங்கியே நின்றால் நம் அன்பில் ஏதோ குறை என்று மனசு உடையும். அது உங்கள் குறை இல்லை. அந்த நாய் சிறு வயதில் படிக்காமல் விட்ட பாடத்தை வளர்ந்தபின் படிக்கிறது, நேரமெடுக்கும்.

எங்கள் நாய் நடுங்குவதில்லை, குரைப்பதில்லை, எதற்கும் மறுப்பதில்லை. அப்படியானால் பயம் இல்லை என்றுதானே அர்த்தம்?

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நாய்தான். மருத்துவர் மேஜையில் சிலைபோல நிற்கும், யார் தொட்டாலும் அசையாது. 'எவ்வளவு சாதுவாக இருக்கிறது' என்பார்கள். உண்மையில் அது உறைந்துபோயிருக்கிறது. ஓட வழியில்லை, எதிர்க்கவும் துணிவில்லை என்னும்போது உடம்பு செய்யும் கடைசி வேலை அது.

முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். வாய் இறுக மூடியிருக்கும். எதிரே சாப்பாடு எதுவும் இல்லாமலே நாக்கு சட்டென்று வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டும், அப்போது விழியோரத்து வெள்ளை பிறைபோலத் தெரியும். காது பின்னால் ஒட்டியிருக்கும். முன்னங்கால் ஒன்று லேசாகத் தூக்கி நிற்கும். பளபளப்பான தரையில் நடந்தால் ஈரக் காலடித் தடம் விழும், ஏனென்றால் நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும். திடீரென்று முடி கொத்தாக உதிர்வதும் பயத்தின் அடையாளம்தான்.

வால் ஆட்டுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தாழ்ந்து, விறைப்பாக, சின்னச் சின்னதாக ஆடும் வால் சந்தோஷத்தைக் காட்டவில்லை. இடுப்போடு சேர்ந்து உடம்பே வளைந்து ஆடினால் அது சந்தோஷம்.

கையில் கறித்துண்டை நீட்டினால் வந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் கையை அசைத்தால் ஓடிவிடுகிறது. ஏன்?

அடுத்த முறை அது வரும்போது பின்னங்கால்களைப் பாருங்கள். அவை வந்த இடத்திலேயே ஊன்றியிருக்கும். முன்னங்கால் ஓர் அடி முன்னே, கழுத்து எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீண்டு, உதட்டு நுனியால் கறியைப் பறித்துக்கொண்டு, எடுத்த நொடியே உடம்பு மொத்தமும் பின்னால் பாயும். வயிறு வா என்கிறது, மனசு போகாதே என்கிறது. பசியால் கிட்டே வந்துவிட்ட நாய், கறி வாய்க்குள் போனதும் 'ஐயோ, இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோமே' என்று திடுக்கிடுகிறது. கடி விழுவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

அதனால் கையில் வைத்துக் கூப்பிடுவதைக் கொஞ்ச நாள் விடுங்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கறித்துண்டை நாய்க்குப் பின்னால் போடுங்கள். அது திரும்பிப் போய்த் தின்னும். உங்களைவிட்டு விலகியதற்கே பரிசு கிடைத்துவிட்டது. தின்று முடித்ததும் மறுபடி உங்கள் பக்கம் பார்க்கும், ஓரிரு அடி வரும். எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பின்னால் இன்னொரு துண்டு. இப்படியே போனால், நீங்கள் கூப்பிடாமலே அது நின்று திரும்பும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உங்களை நெருங்குவதைப் பார்க்கலாம். கிட்டே வருவது அதன் சொந்த முடிவாக இருக்கிறது. நான் எல்லா நாய்க்கும் முதலில் செய்வது இதைத்தான். இதைவிட எளிமையான, இவ்வளவு பலன் தரும் இன்னொரு பயிற்சி எனக்குத் தெரியாது.

எப்போது தடவிக்கொடுக்கலாம்?

அதுவாக வந்து உங்கள்மேல் உரசி நிற்கும்போது. தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகாமல், மார்பிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ மூன்று விநாடி தடவிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தியதும் இன்னும் நெருங்கி வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினாலோ, உடம்பை உதறிக்கொண்டாலோ, நகர்ந்தாலோ இன்றைக்கு அது போதும்.

பயந்து நடுங்கும்போது அணைத்து ஆறுதல் சொன்னால் பயம் அதிகமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. இந்தப் பேச்சு எப்படியோ பரவி, எத்தனையோ பேரைத் தங்கள் நாயைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க வைத்துவிட்டது. 'உட்கார்' என்றதும் உட்கார்வது நாய் செய்யும் செயல், பரிசு கொடுத்தால் திரும்பச் செய்யும். பயம் அப்படி இல்லை, அது தானாக எழும் உணர்ச்சி. இடி இடிக்கும்போது நாய் உங்கள் காலடிக்கு ஓடிவந்தால் தாராளமாக இடம் கொடுங்கள், மெதுவாகப் பேசுங்கள், தடவுவது பிடிக்கும் நாயாக இருந்தால் தடவுங்கள். ஒரே நிபந்தனை, நாயாக வர வேண்டும். ஒளிந்திருக்கும் நாயை இழுத்து மடியில் போட்டு அணைப்பது ஆறுதல் ஆகாது.

கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினால் பழகிவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். அப்படி நிறுத்தப்பட்ட நாய் முதலில் இழுக்கும், திமிறும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். 'பார்த்தீர்களா, பழகிவிட்டது' என்பார்கள். அது முயற்சியைக் கைவிட்டிருக்கிறது.

இதற்கு ஆதாரமாக ஒரு பழைய சோதனை உண்டு. படிக்கும்போதே மனசு கனக்கும். 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. இன்னொரு பிரிவுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் எது செய்தாலும் நிற்காது. பிறகு இரண்டையும், சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற கூண்டில் விட்டபோது, நிறுத்த முடிந்த நாய்கள் தாண்டின. முடியாத நாய்களில் பெரும்பாலானவை அப்படியே படுத்துக்கிடந்தன. அதே இருவரும் 2016-இல் மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் விளக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள்: நீண்ட துன்பத்தில் சோர்ந்து படுப்பதுதான் இயல்பாக வருவது, 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதுதான் கற்றுக்கொள்ளும் விஷயம்.

தைரியமும் அப்படிக் கற்றுக்கொள்வதுதான். எனவே பயந்த நாய்க்கு நாம் தினமும் சின்னச் சின்னத் தேர்வுகளைக் கொடுக்க வேண்டும். இந்தப் பாதையா அந்தப் பாதையா, உள்ளேயா வெளியேயா, கிட்டேயா தள்ளியா என்று அது சொல்லட்டும். சொன்னதை நாம் கேட்க வேண்டும்.

அப்படியானால் பயத்தை மாற்றுவதற்கு என்னதான் வழி?

தூரம், சாப்பாடு, வரிசை. இந்த மூன்றும்தான்.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்றுகொண்டிருக்கும்போது முயலை அறையின் தூரத்தில் காட்டி, நாள்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவனே முயலைத் தொட்டான். நாய் பயிற்சியாளர்கள் இன்று செய்வது ஏறக்குறைய இதைத்தான்.

உங்கள் நாய்க்குத் துடைப்பத்தைக் கண்டால் பயம் என்று வைத்துக்கொள்வோம். துடைப்பம் எவ்வளவு தள்ளி இருந்தால் நாய் பார்த்துவிட்டும் சாதாரணமாக இருக்கிறதோ, அந்தத் தூரத்தில் தொடங்குங்கள். துடைப்பம் தெரிய வேண்டும், நாய் அதைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வேகவைத்த கோழித்துண்டு வர வேண்டும். துடைப்பம் மறைந்ததும் கோழியும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறிவிட்டால் வேலை கெட்டுவிடும். முதலில் கோழி, அப்புறம் துடைப்பம் என்று வந்தால், நாய் 'கோழி வந்தால் ஏதோ ஆபத்து வரப்போகிறது' என்று கற்றுக்கொள்ளும். சில நாய்கள் கோழியையே சந்தேகமாக முகர்ந்து பார்ப்பது இதனால்தான்.

துடைப்பத்தைப் பார்த்ததும் நாய் சட்டென்று உங்கள் முகத்தைப் பார்த்து 'எங்கே என் கோழி?' என்பதுபோல் நின்றால், மனசுக்குள் ஏதோ மாறிவிட்டது. இப்போது அரை அடி நெருங்கலாம். தின்ன மறுத்தாலோ, விரலையும் சேர்த்துக் கவ்வுவதுபோல் முரட்டுத்தனமாகப் பிடுங்கினாலோ மிகவும் கிட்டே வந்துவிட்டீர்கள், தள்ளிப் போங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும்.

உறுமினால் திட்டலாமா?

கூடாது. உறுமல் நாய் வாய்திறந்து சொல்லும் எச்சரிக்கை. அதைத் தண்டித்து நிறுத்தினால் பயம் அப்படியே உள்ளே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். 'ஒரு சத்தமும் இல்லாமல் திடீரென்று கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நாய்களில் பல, ஒரு காலத்தில் உறுமித் திட்டு வாங்கியவை. உறுமினால் நின்று, பின்வாங்கி, எதனால் உறுமியது என்று யோசியுங்கள்.

அதிர்ச்சி கொடுக்கும் பெல்ட், முள் பெல்ட், அடி, அதட்டல் எதுவும் பயந்த நாய்க்கு ஆகாது. போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பயிற்சிப் பள்ளிகளின் நாய்களுக்கு, பரிசு கொடுத்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிடப் பயிற்சி நேரத்தில் பதற்ற அறிகுறிகள் அதிகமாக இருந்தன. பயிற்சி முடிந்தபின் எச்சிலில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனும் கூடியிருந்தது.

வாக்கிங் கூட்டிப்போனால் வாசலிலேயே படுத்துவிடுகிறது.

சரி, இன்றைக்கு வாசல்தான் வாக்கிங். பயந்த நாய்க்குத் தினமும் தெருவைச் சுற்றியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து பத்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே போனாலும் அது பயிற்சிதான். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு நாளும் புது வழி வேண்டாம், ஒரே வழியில் போனால் அடுத்து என்ன வரும் என்பது நாய்க்குத் தெரியும்.

வெளியே போனதும் மோந்து பார்க்க விடுங்கள். மனிதனுக்கு வாசனை உணரும் ஏற்பிகள் சில மில்லியன்தான், நாய்க்கு நூறு மில்லியன்களுக்கு மேல். ஒரு கம்பத்தடியை அது இரண்டு நிமிடம் மோந்துகொண்டு நின்றால் 'வா வா' என்று இழுக்காதீர்கள். ஷார்லட் துராந்தோன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் தினமும் மோப்ப விளையாட்டு விளையாடிய நாய்கள், நல்லதா கெட்டதா என்று புரியாத ஒன்றை முன்பைவிட நம்பிக்கையோடு அணுகின. உரிமையாளர் பக்கத்திலேயே ஒட்டி நடக்கும் பயிற்சி செய்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. வீட்டிலும் இதைச் செய்யலாம். பழைய அட்டைப்பெட்டியில் கசக்கிய காகிதம் போட்டு நடுவே தீனியை ஒளித்துவையுங்கள். காகிதம் சரசரக்கும், பெட்டி நகரும், ஆனால் எல்லாம் நாய் தானே தொடங்கியது. சத்தத்துக்கும் அசைவுக்கும் அது தானாகவே பழகும்.

ஹார்னஸ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்வது கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். சாதாரணக் கழுத்து பெல்ட் போதாது. மார்பைச் சுற்றி ஒரு பட்டை, அதற்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் இன்னொரு பட்டை உள்ள ஹார்னஸை அளவு பார்த்து வாங்குங்கள். ஹார்னஸில் ஒரு லீஷ், கழுத்து பெல்ட்டில் ஒரு லீஷ் என்று இரண்டாகக் கட்டுங்கள். போன் நம்பர் பொறித்த தகடும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

அப்படியும் தப்பி ஓடிவிட்டால்?

துரத்தாதீர்கள். ஊர் முழுக்கத் திரண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் வேண்டாம். வெருண்ட நாய் தன் எஜமானரைக் கண்டாலே ஓடும். கண்ணில் பட்டால் அங்கேயே தரையில் உட்காருங்கள், முதுகைக் காட்டுங்கள், மணக்கும் தீனியைச் சுற்றிலும் போடுங்கள். கண்ணில் படாவிட்டால், கடைசியாகப் பார்த்த இடத்தில் சாப்பாடும் நீங்கள் உடுத்திய துணி ஒன்றும் வைத்து, இரவில் அமைதியான நேரத்தில் தள்ளி நின்று கவனியுங்கள். பார்ப்பவர்கள் போன் செய்தால் போதும், பிடிக்க முயல வேண்டாம் என்று அறிவிப்பில் தெளிவாக எழுதுங்கள்.

விருந்தினர் வந்தால் என்ன செய்வது?

வேறு அறையில், மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுத்து, கதவைச் சாத்திவைப்பதுதான் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான பதில். எல்லோரையும் சந்தித்தே ஆக வேண்டும் என்று நாய்க்கு இல்லை. வெளியே விட்டால், வந்தவர் நாயைப் பார்க்காமல், பேசாமல், கை நீட்டாமல் உட்கார வேண்டும். 'நாய்க்கெல்லாம் என்னை ரொம்பப் பிடிக்கும்' என்று சொல்லிக்கொண்டே குனிபவரை நீங்கள்தான் தடுக்க வேண்டும். கூச்சப்படாதீர்கள். அந்த வீட்டில் நாய்க்காகப் பேச உங்களைவிட்டால் ஆளில்லை.

வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு விதி போதும்: நாய் படுத்திருக்கும் இடத்துக்கு யாரும் போகக்கூடாது, அது நம்மிடம் வரலாம். சின்னக் குழந்தையையும் பயந்த நாயையும் பெரியவர் துணையில்லாமல் ஒரு நிமிடம்கூட விட வேண்டாம்.

இன்னொரு நாய் இருந்தால் உதவுமா?

பல நேரம் பெரிதாக உதவும். தைரியமான, பொறுமையான நாய் ஒன்று மனிதரிடம் போய் வாலாட்டுவதைப் பார்த்துப் பயந்த நாய் பின்னாலேயே வரும். ஆனால் இதற்காகவே அவசரப்பட்டு இன்னொன்றைக் கொண்டுவராதீர்கள். அதுவும் பயந்த நாயாக அமைந்தால் ஒன்றின் பயம் இன்னொன்றுக்கும் தொற்றும். நண்பரின் நல்ல நாயோடு சேர்ந்து நடந்து பாருங்கள்.

இடிக்கும் வெடிச்சத்தத்துக்கும் என்ன வழி?

உங்கள் நாய் மட்டுமில்லை. பின்லாந்தில் ஏறக்குறைய 13,700 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 32 சதவீத நாய்களுக்குச் சத்தம் என்றால் பயம். நமக்குக் கேட்கும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ் என்றால் நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும்.

ஜன்னலை அடைத்து, திரையை இழுத்து, மின்விசிறி போலச் சீராக ஓடும் சத்தம் ஒன்றை வைத்து, அது விரும்பும் மூலையைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஒரு நல்ல தீனி, தின்னும் நிலையில் இருந்தால். அதே 2020-இல் ஸ்டெஃபனி ரீமர் என்ற ஆய்வாளர் பட்டாசு பயத்துக்கு எது பலன் தந்தது என்று கேட்டபோது, சத்தம் வந்ததும் தீனியோ விளையாட்டோ தந்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். தின்னவே முடியாத அளவுக்கு நடுங்கும் நாய்க்கு மருந்து வேண்டும். வெடிக்கும் நாள் முன்கூட்டியே தெரியும் என்றால், சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

மருந்து கொடுத்தால் நாய் மந்தமாகிவிடாதா? பழக்கமாகிவிடாதா?

சரியான மருந்து, சரியான அளவு என்றால் நாய் மந்தமாகாது, கற்றுக்கொள்ளும் அளவுக்கு அமைதியாகும். எந்நேரமும் பயத்தில் விறைத்திருக்கும் மூளைக்குப் பாடம் ஏறாது. அமெரிக்காவில் தனிமைப் பதற்றத்துக்காக நாய்களுக்கு க்ளோமிப்ரமின் 1998-லும் ஃப்ளூவாக்ஸெட்டின் 2007-லும் அனுமதிக்கப்பட்டன. பயந்த நாய்களுக்கும் மருத்துவர்கள் இவற்றை எழுதுகிறார்கள். இவை முழுதாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடக்கூடாது. எந்த நாளும் திடீரென்றும் நிறுத்தக்கூடாது, மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரையை நாய்க்கு உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

மருந்துக்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல், காது, இடுப்பு மூட்டு, முதுகு. நன்றாக இருந்த நாய் வளர்ந்த வயதில் திடீரென்று சத்தத்துக்கோ தொடுவதற்கோ பயப்படத் தொடங்கினால் மூட்டுவலியைக் கட்டாயம் சந்தேகிக்க வேண்டும்.

நன்றாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று பழையபடி ஒளிகிறது. எல்லாம் வீணா?

இல்லை. அதற்கு முந்தைய இரண்டு நாளை யோசித்துப் பாருங்கள். மருத்துவரிடம் போனது, வீட்டில் பெயின்ட் அடித்தது, இரவில் மழை, காலையில் கதவு படாரென்று சாத்தியது. தனித்தனியாக இவற்றையெல்லாம் தாங்கும் நாய், அடுத்தடுத்து வந்தால் தாங்காது. குடம் நிரம்பியபின் ஒரு கை நீர் போதும் வழிவதற்கு. பெரிய பயத்துக்குப் பிறகு உடம்பு பழைய நிலைக்கு வரச் சில நேரம் ஓரிரு நாள்கூட ஆகலாம். அந்த நாட்களில் பயிற்சி, வாக்கிங், புது ஆட்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓய்வு கொடுங்கள். இரண்டாம் முறை தேறுவது முதல் முறையைவிட வேகமாக நடக்கும்.

மொத்தத்தில் எவ்வளவு காலம் ஆகும்?

மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை புரியும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று உணரும் என்று நாய் மீட்பவர்களிடையே ஒரு கணக்குப் புழங்குகிறது. சாதாரண நாய்க்கு அது ஓரளவு பொருந்தும். மிகவும் பயந்த நாய்க்கு ஒரு வருடம், இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாய்கள் கடைசிவரை புதியவர்களிடம் போகாது. வீட்டு ஆட்களோடு நிம்மதியாக இருந்து, தின்று, தூங்கி, விளையாடும் நாய்க்கு அது ஒரு குறையே இல்லை என்பது என் எண்ணம்.

தினமும் பார்ப்பதால் மாற்றம் உங்கள் கண்ணில் படாது. ஒரு நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள்: எங்கே படுத்தது, எவ்வளவு கிட்டே வந்தது, எதற்கு மிரண்டது, எவ்வளவு நேரத்தில் தேறியது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். மிரளுவது குறைவதற்கு முன்பே, மிரண்டபின் தேறும் நேரம் குறையத் தொடங்கும். முன்பு ஒரு கரண்டி விழுந்தால் சாயங்காலம்வரை ஒளிந்திருந்த நாய், இப்போது அறையைவிட்டு ஓடி, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் அது முன்னேற்றம். மாதம் ஒருமுறை போனில் சின்ன வீடியோவும் எடுத்துவையுங்கள். மருத்துவரிடமோ பயிற்சியாளரிடமோ போகும்போது நோட்டையும் வீடியோவையும் கொண்டுபோங்கள். அங்கே மேஜைமேல் உறைந்து நிற்கும் நாயை வைத்து அவர்களால் எதையும் கணிக்க முடியாது, வீட்டில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.